யாரு முக்கியம்னு கேமராவுக்குத் தெரியாது: ஃபோகஸும் காம்போசிஷனும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை, படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி எடிட் பண்ணியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் போட்டோகிராபி பத்தி. எந்த கேமரா வாங்கலாம், எது பட்ஜெட்டுக்குள்ள வரும்ங்கிற பேச்சு இன்னைக்கு கிடையாது. கையில ஏற்கெனவே ஒரு கேமராவோ நல்ல போனோ இருக்கு. ஆட்டோ மோடுல எடுத்துட்டு இருக்கீங்க. பத்து படம் எடுத்தா மூணு அட்டகாசமா வருது, மீதி ஏழு ஏன் சொதப்புச்சுன்னு புரியல. நீங்க அந்த இடத்துல இருந்தா, இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

ரெண்டு விஷயம் பேசப்போறோம். ஒண்ணு ஃபோகஸ், இன்னொண்ணு காம்போசிஷன். பொதுவா இதை தனித்தனி பாடமா சொல்லித் தருவாங்க. ஃபோகஸ்னா பட்டன், மெனு, செட்டிங். காம்போசிஷன்னா கலை, ரசனை. என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே கேள்விக்கான பதில்தான். "இந்தப் படம் யாரைப் பத்தினது?" இதுக்கு நீங்க பதில் சொல்லலைன்னா, கேமரா தானா ஒரு பதில் சொல்லிடும். அது தப்பான பதிலா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

ஏன் ஃபோகஸ் இவ்வளவு முக்கியம்?

ஒரு படம் கொஞ்சம் இருட்டா வந்துட்டா, எடிட்டிங்ல வெளிச்சம் ஏத்தலாம். ரா ஃபைலா எடுத்திருந்தா இன்னும் வசதி. கலர் மஞ்சளா வந்தா சரிபண்ணலாம். சாய்ஞ்சிருந்தா நேராக்கலாம். ஓரத்துல வேண்டாத ஆள் இருந்தா வெட்டிடலாம். ஆனா ஃபோகஸ் தப்பான இடத்துல விழுந்துட்டா, அந்த முகத்தோட விவரம் ஃபைல்லயே பதிவாகி இருக்காது. ஷார்ப்பனிங் ஸ்லைடரை இழுத்தா, இருக்கிற ஓரங்களோட கான்ட்ராஸ்ட்தான் கூடும். இப்ப வர்ற ஏ.ஐ. டூல்கள் முகத்தை பளிச்சுனு ஆக்கித் தருது, உண்மை. ஆனா அது யூகிச்சு வரைஞ்ச கண்ணு, யூகிச்சு வரைஞ்ச சுருக்கம். நம்ம பாட்டியோட கண்ணு அது இல்ல.

பாட்டியைச் சும்மா உதாரணத்துக்கு இழுக்கல. நம்ம ஊர்ல நிறைய வீட்டுல ஹால்ல மாட்டி, மாலை போட்டு, சின்னதா ஒரு லைட் எரியுற போட்டோ இருக்கும் பாருங்க. அது எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் அதுக்குன்னு எடுத்த படமா இருக்காது. ஏதோ ஒரு கல்யாணத்துல, காதுகுத்துல எடுத்த குரூப் போட்டோ. அதுல இருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டி, ஸ்டூடியோல பெருசாக்கி, பேக்கிரவுண்டை நீலமா மாத்தி பிரேம் போட்டிருப்பாங்க. அந்த முகம் ஏன் மங்கலா இருக்கு? எடுத்த அன்னைக்கு யாரும் அவங்களை ஃபோகஸ் பண்ணல. படம் வேற யாரையோ பத்தினதா இருந்தது.

இப்ப நம்ம எல்லார் கையிலயும் கேமரா இருக்கு. வீட்டு ஃபங்ஷன்ல "நீதான் நல்லா எடுப்பியே, நீயே எடு"ன்னு சொல்ற ஆள் நீங்களா இருக்கலாம். அப்போ யார் முகம் தெளிவா பதிவாகணும்ங்கிறதை நீங்கதான் முடிவு பண்றீங்க. அதனாலதான் இதைப் புரிஞ்சுக்கிட்டு பண்ணணும்னு சொல்றேன்.

ஃபோகஸ்னா உண்மையில என்ன?

லென்ஸ் ஒரு நேரத்துல ஒரே ஒரு தூரத்தைத்தான் முழு கூர்மையா காட்டும். உங்க கேமராவுக்கு முன்னாடி ஒரு பெரிய கண்ணாடித் தகடு செங்குத்தா நிக்குதுன்னு கற்பனை பண்ணிக்கோங்க. அந்தத் தகடைத் தொட்டுட்டு இருக்கிற எல்லாமே ஷார்ப். ஃபோகஸ் பண்றதுங்கிறது அந்தத் தகடை முன்னாடி பின்னாடி நகர்த்துறது, அவ்வளவுதான்.

தகடுக்கு முன்னாடியும் பின்னாடியும் கொஞ்ச தூரம் வரைக்கும் நம்ம கண்ணுக்கு "பரவால்ல, ஷார்ப்பாதான் இருக்கு"ன்னு தோணும். அந்தத் தடிமனுக்குப் பேருதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு. இதை மாத்துறது மூணு விஷயம்: அப்பர்ச்சர், தூரம், லென்ஸோட ஃபோகல் லெங்த்.

கொஞ்சம் நம்பர் பார்ப்போம், பயப்படாதீங்க. பிகினர்ஸ் கையில இருக்கிற நிறைய கேமராவுல இருக்கிறது ஏ.பி.எஸ்-சி சென்சார். அதுல ஒரு 50 மிமீ லென்ஸ் போட்டு, எஃப்/1.8 வெச்சு, 1 மீட்டர் தள்ளி இருக்கிற ஒருத்தரை எடுக்கிறீங்க. ஷார்ப்பா இருக்கிற தடிமன் மொத்தமே சுமாரா 3 செ.மீ. கண்ணு ஷார்ப்பா இருந்தா காது மங்கிடும். அவங்க மூச்சு விட்டு கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சாலே போச்சு. அதே லென்ஸ், அதே எஃப்/1.8, ஒன்றரை மீட்டருக்குத் தள்ளி நின்னா, தடிமன் 6 செ.மீ. தாண்டிடும். அங்கேயே நின்னு எஃப்/5.6 வெச்சா, 20 செ.மீ. ஆயிடும். முழு தலையும் உள்ள வந்துடும்.

புதுசா 50 மிமீ லென்ஸ் வாங்கினவங்க எல்லாருமே முதல் மாசம் எஃப்/1.8-லயே சுத்துவாங்க. பின்னாடி பேக்கிரவுண்ட் வெண்ணெய் மாதிரி உருகுறது அழகாத்தான் இருக்கு. ஆனா "லென்ஸ் சரியில்லப்பா, ஷார்ப்பாவே இல்ல"ன்னு நொந்துக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு லென்ஸ்ல குறை கிடையாது. 3 செ.மீ. தடிமன்ல ஒரு உயிருள்ள மனுஷனை நிக்க வைக்கப் பார்க்கிறாங்க, அதான் விஷயம். ஒருத்தரை மட்டும் எடுக்கும்போது எஃப்/2.8-லயோ எஃப்/4-லயோ ஆரம்பிங்க. பேக்கிரவுண்ட் மங்கணும்னா, அவங்களைச் சுவத்துல சாய வைக்காம ரெண்டு மூணு மீட்டர் முன்னாடி கூட்டிட்டு வாங்க. அப்பர்ச்சரைத் திறக்காமலேயே பின்னாடி மங்கும்.

கேமரா எப்படி முடிவு எடுக்குது?

நீங்க எதையுமே சொல்லாம ஷட்டரை அமுக்கினா கேமரா என்ன பண்ணும்? ஆட்டோ ஏரியா மோடுல பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற பொருள், இல்லைன்னா கான்ட்ராஸ்ட் அதிகமா இருக்கிற பொருள், முகம் தெரிஞ்சா ஒரு முகம். நல்ல யூகம்தான். தப்பு சொல்ல முடியாது. ஆனா ஒரு கல்யாண மண்டபத்தை யோசிச்சுப் பாருங்க. மணமேடைக்கு முன்னாடி குத்துவிளக்கு, பூ அலங்காரம், வீடியோக்காரர் கையில இருக்கிற லைட், குறுக்க ஓடுற சின்னப் பசங்க. எல்லாமே மணமக்களை விட உங்களுக்குப் பக்கத்துல இருக்கு. கேமராவுக்கு யாரு மாப்பிள்ளை, யாரு கேட்டரிங் ஆளுன்னு எப்படித் தெரியும்?

அதனால முதல் வேலை: ஆட்டோ ஏரியால இருந்து சிங்கிள் பாயிண்டுக்கு மாறுங்க. மெனுல ஃபோகஸ் ஏரியான்னு இருக்கும். ஒரே ஒரு சின்னக் கட்டம் வரும். அதை நகர்த்தி உங்களுக்கு வேண்டியவங்க கண்ணு மேல வைங்க. ரெண்டு கண்ணுல எது? கேமராவுக்குப் பக்கத்துல இருக்கிற கண்ணு. தூரத்துல இருக்கிற கண்ணு கொஞ்சம் மங்கினா பார்க்கிறவங்க கவனிக்க மாட்டாங்க. பக்கத்துக் கண்ணு மங்கினா படமே உறுத்தும்.

இப்ப வர்ற மிரர்லெஸ் கேமராக்கள்ல கண்ணைத் தானா தேடிப் பிடிக்கிற வசதி இருக்கு. ஒருத்தர் மட்டும் இருந்தா பிரமாதமா வேலை செய்யும், தாராளமா நம்புங்க. ஆனா ஃப்ரேம்ல ஏழெட்டு பேர் இருந்தா, அது யாரைப் பிடிச்சிருக்குன்னு அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்துட்டு அமுக்குங்க. ஒரு நொடிதான் ஆகும்.

ரெண்டாவது, ஷட்டர் பட்டனை ரெண்டு படியா அமுக்கப் பழகுங்க. பாதி அமுக்கினா ஃபோகஸ். முழுசா அமுக்கினா படம். ஒரே தடவையில குத்துற மாதிரி அமுக்கினா, கேமரா அசையும். ஃபோகஸ் எங்க விழுந்ததுன்னு பார்க்கிறதுக்கும் உங்களுக்கு நேரம் இருக்காது.

மூணாவது, உங்க சப்ஜெக்ட் நிக்குதா, நகருதா? நிக்குதுன்னா சிங்கிள் ஆட்டோஃபோகஸ். நிக்கான், சோனில ஏ.எஃப்-எஸ்னு இருக்கும், கேனான்ல ஒன் ஷாட். பாதி அமுக்கினதும் ஒரு தடவை ஃபோகஸ் பண்ணிட்டு அப்படியே நிறுத்திக்கும். நகருதுன்னா கன்டினியூயஸ். ஏ.எஃப்-சி, கேனான்ல சர்வோ. நீங்க பாதி அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் அது தொடர்ந்து துரத்திட்டே இருக்கும். உங்களை நோக்கி ஓடி வர்ற குழந்தையை சிங்கிள் மோடுல எடுத்தா, கேமரா ஃபோகஸ் பண்ண இடத்துல குழந்தை இருக்காது, தாண்டி வந்திருக்கும்.

போன்ல எடுக்கிறவங்களுக்கு: திரையில முகத்தைத் தொடுங்க. பெரும்பாலான போன்கள்ல அதே இடத்தை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆயிடும். போன் சென்சார் சின்னது, அதனால டெப்த் ஆஃப் ஃபீல்டு தானாவே நிறைய இருக்கும். இந்த ஒரு விஷயத்துல போன் நம்மளைக் காப்பாத்துது. போர்ட்ரெய்ட் மோடுல வர்ற மங்கல், பெரும்பாலும் சாஃப்ட்வேர் கணக்கு போட்டு உருவாக்குறது. முடி ஓரத்துலயும், காதுல தொங்குற ஜிமிக்கி ஓரத்துலயும் அது தடுமாறுறதைக் கவனிங்க.

ஃபோகஸ் பண்ணிட்டு திருப்புற பழக்கம்

ஒரு பழைய டெக்னிக் உண்டு. நடுப் புள்ளியை முகத்துல வெச்சு பாதி அமுக்கி, அப்படியே பிடிச்சுக்கிட்டு கேமராவைத் திருப்பி ஃப்ரேமை சரிபண்ணி, முழுசா அமுக்குறது. ஃபோகஸ் அண்ட் ரீகம்போஸ்னு சொல்வாங்க. எஃப்/8-ல, மூணு நாலு மீட்டர் தூரத்துல இது நல்லாவே வேலை செய்யும். ஆனா பக்கத்துல, அப்பர்ச்சர் திறந்து எடுக்கும்போது சிக்கல் வரும். ஏன்னா நீங்க கேமராவைத் திருப்பும்போது அந்தக் கண்ணாடித் தகடும் கூடவே திரும்புது.

ஸ்கூல்ல படிச்ச காஸ் தீட்டா இங்க வேலைக்கு வருது. 1 மீட்டர் தூரத்துல இருக்கிற கண்ணுல ஃபோகஸ் பண்ணிட்டு 10 டிகிரி திருப்புறீங்க. காஸ் 10 கிட்டத்தட்ட 0.985. அதாவது தகடு இப்ப கண்ணுக்கு 1.5 செ.மீ. பின்னாடி போய் நிக்குது. நாம முன்னாடி பார்த்த 50 மிமீ, எஃப்/1.8-ல மொத்தத் தடிமனே 3 செ.மீ. கண்ணுக்கு முன்னாடி ஒன்றரை, பின்னாடி ஒன்றரை. நீங்க திருப்பின திருப்புலயே அந்த ஒன்றரையும் தீர்ந்துபோச்சு. கூட உங்க உடம்பு கொஞ்சம் ஆடினா கண்ணு மங்கல்.

தீர்வு ரொம்ப சுலபம். முதல்ல ஃப்ரேமை முடிவு பண்ணுங்க, அப்புறம் ஃபோகஸ் கட்டத்தை நகர்த்திக் கண்ணுக்குக் கொண்டு போங்க. கேமரா அசையாது, கட்டம்தான் நகரும். இதுல இன்னொரு லாபமும் இருக்கு. காம்போசிஷனை முதல்ல யோசிக்க இது உங்களைக் கட்டாயப்படுத்தும்.

படம் ஏன் மங்கிச்சு? டீபக் பண்ணுவோம்

சாஃப்ட்வேர் ஆளா இருந்துக்கிட்டு இந்தப் பகுதி இல்லாம எப்படி? "படம் பிளர் ஆயிடுச்சு"ன்னு சொல்றது, "ஆப் வொர்க் ஆகல"ன்னு டிக்கெட் போடுற மாதிரி. எந்த பிளர்? மூணு வகை இருக்கு. படத்தை 100 சதவீதம் ஜூம் பண்ணிப் பாருங்க.

ஒண்ணு: படத்துல ஏதோ ஒரு இடம் கத்தி மாதிரி ஷார்ப்பா இருக்கு, ஆனா அது உங்களுக்கு வேண்டிய இடம் இல்ல. முகம் மங்கல், பின்னாடி திரைச்சீலை ஷார்ப். இது ஃபோகஸ் பிரச்சினை. கட்டத்தை சரியா வைங்க, அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூடுங்க.

ரெண்டு: எந்த இடமுமே ஷார்ப்பா இல்ல, எல்லாமே ஒரே திசையில இழுபட்ட மாதிரி இருக்கு. சின்ன சீரியல் லைட்டுங்க எல்லாம் புள்ளியா இல்லாம குட்டிக் கோடா தெரியும். இது உங்க கை ஆடினது. ஷட்டர் ஸ்பீடை ஏத்துங்க. 50 மிமீ லென்ஸ்னா ஏ.பி.எஸ்-சி கேமராவுல குறைஞ்சது 1/80-ல ஆரம்பிங்க. முழங்கையை உடம்போட ஒட்டி வைங்க, தூண் இருந்தா சாய்ஞ்சுக்கோங்க.

மூணு: சுவர், நாற்காலி எல்லாம் ஷார்ப், ஆடிட்டு இருக்கிற ஆள் மட்டும் இழுபட்டிருக்கு. இது சப்ஜெக்ட் நகர்ந்தது. ஸ்டெபிலைசேஷன் உங்க கையைத்தான் நிறுத்தும், எதிர்ல இருக்கிறவங்களை நிறுத்தாது. உட்கார்ந்து பேசுறவங்களுக்கு 1/125, ஓடுற குழந்தைக்கு 1/500 பக்கம் போங்க. அதுக்காக ஐ.எஸ்.ஓ ஏறினா ஏறட்டும். கொஞ்சம் புள்ளி புள்ளியா இருக்கிற தெளிவான முகத்தை, வழவழன்னு இருக்கிற மங்கல் முகத்தை விட யாருமே விரும்புவாங்க.

இதோட சேர்த்து, ஆட்டோஃபோகஸ் தடுமாறுற இடங்களையும் சொல்லிடறேன். அதுக்கு வேலை செய்ய கான்ட்ராஸ்ட் வேணும். வெறும் வெள்ளைச் சுவர், ஒரே கலர்ல இருக்கிற வேட்டி, இருட்டு மூலை, ஹோமப் புகை, ஜன்னல் கம்பி, கொசுவலை. இங்கெல்லாம் லென்ஸ் முன்னாடி பின்னாடி தேடிட்டே இருக்கும். அப்போ அதே தூரத்துல இருக்கிற ஒரு ஓரத்தைக் காட்டுங்க. வேட்டியோட கரை, சட்டைக் காலர், கண்ணாடியோட ஃப்ரேம். அதுவும் சரிவரலைன்னா மேனுவல் ஃபோகஸுக்குப் போங்க. திரையில பெருசாக்கிப் பார்த்து ரிங்கை மெதுவா திருப்புங்க.

குரூப் போட்டோ: இங்கதான் எல்லாம் ஒண்ணு சேருது

இப்ப அந்த மாலை போட்ட போட்டோவுக்குத் திரும்ப வருவோம். ஒரு சின்னக் குடும்பக் குரூப். கீழே தரையில பசங்க, நடுவுல நாற்காலியில பெரியவங்க, பின்னாடி நிக்கிறவங்க. பசங்க உங்ககிட்ட இருந்து 3 மீட்டர், நாற்காலி வரிசை 3.6 மீட்டர், நிக்கிற வரிசை 4.2 மீட்டர்னு வெச்சுக்கோங்க. லென்ஸ் 35 மிமீ, ஏ.பி.எஸ்-சி.

மண்டபம் இருட்டுன்னு அப்பர்ச்சர் எஃப்/1.8. கேமரா தன் வழக்கப்படி பக்கத்துல இருக்கிற குழந்தையைப் பிடிக்குது. ஷார்ப்பா இருக்கிறது 2.8 மீட்டர்ல இருந்து 3.3 மீட்டர் வரைக்கும்தான். தரையில இருக்கிற பசங்க பளிச். நாற்காலியில இருக்கிற தாத்தா, பாட்டி மங்கல். அந்தப் பின் வரிசையைப் பத்திப் பேசவே வேண்டாம். கேமராவோட சின்னத் திரையில இது தெரியவே தெரியாது, எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு அந்த முகத்தைப் பெருசாக்கும்போதுதான் தெரியும்.

இப்ப ரெண்டே மாற்றம். அப்பர்ச்சரை எஃப்/5.6 ஆக்குங்க. ஃபோகஸ் கட்டத்தை நடு வரிசையில, நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பெரியவங்க கண்ணுல வைங்க. ஷார்ப்பா இருக்கிறது சுமாரா 2.7 மீட்டர்ல இருந்து 5.4 மீட்டர் வரைக்கும். மூணு வரிசையும் உள்ள வந்தாச்சு. வெளிச்சம் பத்தலைன்னா ஐ.எஸ்.ஓ ஏத்துங்க, இல்ல எல்லாரையும் வெளிச்சம் வர்ற பக்கமா நகர்த்துங்க.

ஒரு நுணுக்கம். இந்த டெப்த் ஆஃப் ஃபீல்டு கணக்கு எல்லாமே, முழுப் படத்தை சாதாரண அளவுல பார்க்கும்போது கண்ணுக்கு ஷார்ப்பா தோணுற அளவை வெச்சுப் போட்டது. ஒரே ஒரு முகத்தை வெட்டி பெருசாக்கினா, அதே மங்கலும் கூடவே பெருசாகும். எல்லையில தப்பிச்ச முகம் அப்போ தப்பிக்காது. எனவே யாரோட முகம் தனியா தேவைப்படலாம்னு உங்களுக்குத் தோணுதோ, அவங்க மேலதான் ஃபோகஸ் புள்ளி இருக்கணும். சொல்லப்போனா, குரூப் முடிஞ்சதும் "பாட்டி, ஒரு நிமிஷம் இங்கயே இருங்க"ன்னு சொல்லி, அவங்களை மட்டும் தனியா ரெண்டு படம் எடுத்துடுங்க. "எனக்கு எதுக்குடா, மாப்பிள்ளை பொண்ணை எடு"ன்னு சொல்வாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க, அந்த நேரத்துல அமுக்கிடுங்க.

காம்போசிஷன்: கால்ல இருந்து ஆரம்பிக்குது

சரி, யாருன்னு முடிவாச்சு. அவங்களை எங்க வைக்கிறது?

எல்லாரும் முதல்ல சொல்றது ரூல் ஆஃப் தேர்ட்ஸ். ஃப்ரேமை நெடுக்குலயும் குறுக்குலயும் மூணு மூணா பிரிச்சு, கோடுகள் சந்திக்கிற இடத்துல முக்கியமானதை வைக்கிறது. இந்தப் பேரை 1797-ல ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு ஆங்கிலேய ஓவியர், இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பத்தி எழுதின புத்தகத்துல பயன்படுத்தினார். அப்போ போட்டோகிராபியே பிறக்கல. ஓவியருக்கு ஒரு வசதி உண்டு, வேண்டாத மரத்தை வரையாம விட்டுடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. லென்ஸுக்கு முன்னாடி இருக்கிறது எல்லாம் வந்துடும். அதனால கட்டம் போடுறதுக்கு முன்னாடி நாம செய்ய வேண்டிய வேலை வேற.

முதல்ல பேக்கிரவுண்ட். முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. தலையில இருந்து முளைச்ச தென்னை மரம், காது வழியா போற ட்யூப் லைட், பின்னாடி பளபளன்னு ஓடுற எல்.இ.டி. திரை. ஜூம் பண்ணி இதையெல்லாம் சரிபண்ண முடியாது. ரெண்டு அடி இடது பக்கம் நகர்ந்தா மரம் தலையை விட்டு விலகிடும். உங்க கால்தான் முதல் எடிட்டிங் டூல்.

ரெண்டாவது, ஓரங்கள். அமுக்குறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் ஒரு தடவை கண்ணால சுத்துங்க. பாதி வெட்டுப்பட்ட கை, யாரோ விட்டுட்டுப் போன தண்ணி பாட்டில், பிளாஸ்டிக் நாற்காலி. ஆளை வெட்டுறதா இருந்தாலும் மூட்டுல வெட்டாதீங்க. முழங்கால், மணிக்கட்டுல ஃப்ரேம் முடிஞ்சா ஊனப்பட்ட மாதிரி தெரியும். தொடையிலயோ இடுப்புலயோ முடிங்க.

மூணாவது, உயரம். நின்ன இடத்துல நின்னே எடுத்தா, குழந்தைங்க எல்லாம் உச்சந்தலையும் நெற்றியுமா வரும். குனிங்க, உட்காருங்க, தேவைப்பட்டா தரையில படுங்க. கோலம் போட்டுட்டு இருக்கிற ஒருத்தரை நின்னு எடுக்கும்போது கோலம்தான் படம். அவங்க கண்ணு உயரத்துக்கு இறங்கினா அவங்கதான் படம். ரெண்டுமே நல்ல படம், ரெண்டும் வேற வேற படம்.

நாலாவது, கோடுகளும் வாசல்களும். மதுரை திருமலை நாயக்கர் மஹால்ல தூண் வரிசை ஒரு புள்ளியை நோக்கி ஓடும். அந்தப் புள்ளியில உங்க ஆளை நிறுத்தினா, பார்க்கிறவங்க கண்ணு தானா அங்க போகும். பெசன்ட் நகர் பீச்சுல இருக்கிற ஷ்மிட் நினைவுச் சின்னம் தெரியும்ல, 1930-ல கடல்ல உயிரிழந்த டென்மார்க்காரருக்காகக் கட்டினது. அதோட வளைவு வழியா கடலைப் பார்த்தா ஃப்ரேமுக்குள்ள இன்னொரு ஃப்ரேம். ஆனா அங்க ஃபோகஸைக் கவனிங்க. வளைவுதான் உங்களுக்குப் பக்கத்துல இருக்கு, ஆட்டோ அதைத்தான் பிடிக்கும். உள்ள நிக்கிற ஆள் மேல கட்டத்தை வைங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு, மூணுல ஒரு பங்குக் கோட்டுல வைக்கலாமா, நடுவுலயே வைக்கலாமான்னு முடிவு பண்ணுங்க. பக்கவாட்டுல பார்க்கிற முகம்னா அவங்க பார்க்கிற திசையில இடம் விடுங்க. நேரா உங்க கண்ணைப் பார்க்கிற முகம்னா தைரியமா நடுவுலயே வைங்க.

இடத்தை முதல்ல, ஆளை அப்புறம்

கடைசியா ஒரு டெக்னிக். தெருவுல, கடற்கரையில நகர்ந்துட்டே இருக்கிறவங்களை எடுக்கும்போது ஆட்டோஃபோகஸோட சண்டை போடத் தேவையில்ல. நல்ல வெளிச்சம், நல்ல பேக்கிரவுண்ட் இருக்கிற ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க. அந்தத் தூரத்துல ஃபோகஸை நிறுத்திட்டு, ஆள் வர்ற வரைக்கும் காத்திருங்க. கிட் லென்ஸ்ல 18 மிமீ, எஃப்/8 வெச்சு 2 மீட்டர்ல ஃபோகஸ் பண்ணிட்டீங்கன்னா, சுமாரா 1 மீட்டர்ல இருந்து அடிவானம் வரைக்கும் எல்லாமே ஏத்துக்கிற அளவுக்கு ஷார்ப். உங்க வேலை நேரத்தைப் பிடிக்கிறது மட்டும்தான்.

ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ரமண மகரிஷியோட கடைசி நாட்கள்ல, 1950 ஏப்ரல்ல, திருவண்ணாமலையில இருந்து படம் எடுத்தவர். அவர் 1932-ல பாரிஸ்ல செயின்ட் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி எடுத்த படத்தைத் தேடிப் பாருங்க. தேங்கி நிக்கிற தண்ணியைத் தாண்டிக் குதிக்கிற ஒரு ஆள். அந்த ஆள் இழுபட்டு மங்கலாத்தான் இருப்பார். சுத்தி இருக்கிற இடம், தண்ணியில விழுற நிழல் எல்லாம் தெளிவு. கால் தண்ணியைத் தொடப்போற அந்த நொடி இருக்கே, அதுதான் படம். ஷார்ப்னஸ் படத்துக்கு உதவணும், அவ்வளவுதான். எது மங்கலாம், எது மங்கக் கூடாதுங்கிற முடிவு உங்களோடது.

தெருவுல தெரியாதவங்களை எடுக்கும்போது முடிஞ்ச வரைக்கும் கேட்டுட்டு எடுங்க. எடுத்த படத்தை அவங்களுக்குக் காட்டுங்க. "வேண்டாம்"னு சொன்னா அழிச்சிடுங்க.

இந்த வார ஹோம்வொர்க்

வீட்டுல ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. அம்மா, தாத்தா, ரூம்மேட், யாரா இருந்தாலும் சரி. ஏழு நாள், ஒரு நாளைக்கு மூணே படம். சிங்கிள் பாயிண்ட், கட்டம் கண்ணு மேல. ஜூம் லென்ஸா இருந்தா ஒரே ஃபோகல் லெங்த்ல வெச்சுட்டு, கால்ல நடந்து ஃப்ரேமை சரிபண்ணுங்க. முதல் ரெண்டு நாள் ஒரே இடத்துல எஃப்/2.8, எஃப்/5.6, எஃப்/8-னு மாத்தி எடுங்க. கிட் லென்ஸ் எஃப்/2.8 வரைக்கும் திறக்காது, அது எவ்வளவு திறக்குமோ அங்கேயிருந்து ஆரம்பிங்க. அடுத்த ரெண்டு நாள் உயரத்தை மாத்துங்க. மீதி மூணு நாள் அவங்க வேலை செய்யும்போது எடுங்க. கீரை ஆயும்போது, பேப்பர் படிக்கும்போது, பூ கட்டும்போது. அப்போ முகத்துல ஃபோகஸா, கையில ஃபோகஸான்னு நீங்க முடிவு பண்ண வேண்டி வரும். அந்த முடிவுதான் இந்த ஹோம்வொர்க்.

வாரக் கடைசியில 21 படம் இருக்கும். அதுல ஒண்ணை, ஒண்ணே ஒண்ணை, பிரிண்ட் போடுங்க. போன்ல பார்க்கிறதும் கையில வெச்சுப் பார்க்கிறதும் வேற. எடுத்தவங்களுக்கே அதைக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல வெளிச்சம் பத்திப் பேசுவோம். ஜன்னல் ஓர வெளிச்சம், மதிய வெயில், மண்டபத்து மஞ்சள் லைட், இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறதுன்னு. கேள்வி இருந்தா அனுப்புங்க, இந்த எபிசோட் யாருக்காவது உதவும்னு தோணுச்சுன்னா அவங்களுக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்க.